முகத்தைத் திருப்புதல்

1

எங்கள் வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. 3 வருடங்களுக்கு முன்பு மகள் கொண்டுவந்தது. ருமேனியாவின் ஏதோ ஒரு தெருவில் பிடிபட்டு, காப்பகத்தில் அடைபட்டு, பிறகு வானில் ஏறி ஜேர்மனிக்கு வந்து சேர்ந்தது. ஒரு காதின் நுனி கிழிந்திருக்கிறது. "அதுவும் அகதிதான் அப்பா" என்றாள் மகள். நான் சிரிக்கவில்லை. அகதி என்ற சொல்லை இப்படிச் செல்லமாகப் பயன்படுத்துவது எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் நாயைத் திருப்பி அனுப்பும்படியும் சொல்லவில்லை. திருப்பி அனுப்புதல் என்ற சொல் எனக்கு அதைவிடப் பிடிக்காது.

நாங்கள் இருப்பது நீடர்சாக்சன் மாநிலத்தில். இங்கே நாய் வளர்ப்பது விளையாட்டுக் காரியமில்லை. 2013 யூலையிலிருந்து, முதன்முதலாக நாய் வளர்க்கிறவர் எழுத்துப் பரீட்சை ஒன்றும், நாய் வந்து ஒரு வருடத்துக்குள் செய்முறைப் பரீட்சை ஒன்றும் சித்தியடைய வேண்டும். ஏப்ரல் 1 முதல் யூலை 15 வரை காட்டிலும் வயல்வெளியிலும் நாயை அவிழ்த்துவிடக் கூடாது. பறவைகள் முட்டையிடும் காலம், மான்கள் குட்டி போடும் காலம். நாய்க்கு வரி வேறு. ஊரில் இருந்தபோது யாராவது வந்து நாய் வளர்க்கப் பரீட்சை எழுத வேண்டும் என்று சொல்லியிருந்தால், அவரைத்தான் கட்டிவைத்திருப்போம்.

ஒரு வருடத்தில் மகள் படிப்பதற்காக வேறு நகரத்துக்குப் போய்விட்டாள். நாய் என்னிடம் நின்றுவிட்டது. அது பாதையில் கிடக்கிற எதையும் வாயில் போட்டுக்கொள்ளும். காகிதம், எலும்பு, யாரோ எறிந்த கெபாப். பூங்காக்களில் ஆணி செருகிய சொசேஜையும் எலி நஞ்சு கலந்த இறைச்சியையும் போட்டுவைக்கிற ஆட்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். ஆகவே ஐம்பது வயது தாண்டிய பிறகு நான் நாயுடன் பள்ளிக்கூடம் போனேன். பயிற்சி கொடுத்தவர் ஒரு வயதான ஜேர்மன் பெண்மணி. அதிகம் கதைக்காதவர்.

முதற்பாடம் மிகச் சின்னது. ஒரு துண்டு ஈரல் சொசேஜைக் கைக்குள் வைத்துப் பொத்திப்பிடிக்க வேண்டும். நாய் மணக்கும், நக்கும், காலால் விறாண்டும், மெல்லக் கடித்தும் பார்க்கும். ஒன்றும் சொல்லக் கூடாது. கையை இழுக்கவும் கூடாது. கடைசியில் அது களைத்துப்போய் ஒரு கணம் முகத்தைத் திருப்பும். அந்தக் கணத்தில் "சரி" என்று ஒரு சொல். உடனே மற்றக் கையிலிருந்து அதைவிட ருசியான ஒரு துண்டு. ஒரு செக்கன் பிந்தினாலும் காரியம் கெட்டுவிடும். அதற்குள் நாய் வேறு எதையாவது செய்திருக்கும். அந்த வேறு எதற்கோதான் பரிசு என்று எடுத்துக்கொள்ளும்.

பிறகு அந்தத் துண்டு நிலத்தில், சப்பாத்தின் கீழ். பிறகு சப்பாத்து இல்லாமல். பிறகு வாசலில், பிறகு தெருவில். தூரம், நேரம், ஆசை காட்டுகிற பொருள் என்ற மூன்றில் ஒருமுறைக்கு ஒன்றைத்தான் கடினமாக்கலாம். 50 மீற்றரில் இன்னொரு நாயைக் கண்டால் என் குரல் அதன் காதில் விழும். 10 மீற்றரில் விழாது. ஒருநாள் அப்படி 10 மீற்றரில் அது கயிற்றை இழுத்துக்கொண்டு பாய்ந்தபோது நான் நாயைத் திட்டினேன். பயிற்சிக்காரப் பெண்மணி சொன்னார்: "அது வெல்லக்கூடிய இடத்திலிருந்து தோற்கிற இடத்துக்கு அதைக் கூட்டிக்கொண்டு போனது நீங்கள். ஏன் அதைத் திட்டுகிறீர்கள்?"

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. ஓர் உயிரை, அது இயல்பாக விரும்புகிற ஒன்றிலிருந்து முகத்தைத் திருப்பும்படி பழக்குவதற்கு எனக்கு என்ன உரிமை? அப்படிப் பழகிய பிறகு அது நல்ல நாயாகிவிட்டதா, அல்லது வெறுமனே என்னுடைய நாயாகிவிட்டதா?

2

இந்தக் கேள்விக்குச் சுலபமான பதில்கள் இரண்டு உண்டு. இரண்டிலும் எனக்குத் திருப்தியில்லை.

ஒன்று, அதனுடைய நன்மைக்காகத்தான் என்பது. நஞ்சு தின்று சாவதைவிட முகத்தைத் திருப்பப் பழகுவது நல்லதுதானே? உண்மைதான். ஆனால் நன்மைக்காக என்ற சொல்லை நாங்கள் எத்தனை வாயிலிருந்து கேட்டிருக்கிறோம்! பிரம்போடு நின்ற வாத்தியார் சொன்னார். துவக்கோடு நின்றவர்களும் சொன்னார்கள். சொல் ஒன்றுதான். ஆகவே அந்தச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு நல்லது கெட்டதைப் பிரிக்க முடியாது.

மற்றப் பதில் என் நண்பர் ஒருவருடையது. ஒரு காலத்தில் இடதுசாரி அமைப்பொன்றில் வேலை செய்தவர். "நாயை நாயாக இருக்க விடு. நீ வெள்ளைக்காரன் ஆகிவிட்டாய். எங்கடை ஊர் நாய்கள் சுதந்திரமாகத் திரிந்தன" என்றார். திரிந்தனதான். ஆனால் அந்தச் சுதந்திரம் என்ன மாதிரியானது? கல்லெறி பட்டன, பஸ்ஸில் அடிபட்டன, சொறி பிடித்து ஒழுங்கையில் கிடந்து செத்தன. யாரும் அவற்றுக்கு எதையும் கடமைப்பட்டிருக்கவில்லை. ஒருவரும் கூப்பிடாத நாய்க்கு முகத்தைத் திருப்ப வேண்டிய தேவையும் இல்லை. திருப்பிப் பார்ப்பதற்கு ஒரு முகமும் இல்லை. இதைச் சுதந்திரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே கேள்வி பழக்குவதா விடுவதா என்பதல்ல. எப்படிப் பழக்குவது, பழக்கியவர் பதிலுக்கு என்ன கடமைப்படுகிறார் என்பதுதான்.

முகத்தைத் திருப்பப் பழக்குவதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. பழைய வழி வலி. பொலிஸ் அதிகாரியாக இருந்த கொன்ராட் மோஸ்ட் 1910இல் நாய்ப் பயிற்சி பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பரிசும் கட்டாயமும் கலந்த அவருடைய முறை, பொலிஸ் நாய்களுக்கும் இராணுவ நாய்களுக்கும் நீண்ட காலம் அடிப்படையாக இருந்தது. பின்னால் வந்தவர்கள் பலர் கட்டாயத்தை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். நாய் இன்னொரு நாயைப் பார்த்தால் கழுத்துப்பட்டியில் ஒரு வெட்டு இழுப்பு. உள்பக்கம் முள் வைத்த பட்டியும் இருந்தது. பயிற்சியில் அதைப் பாவிப்பதை ஜேர்மனி 2022 ஜனவரி 1 முதல் சட்டத்தால் தடுத்துவிட்டது.

அந்த வழி பலன் தராது என்று சொல்ல மாட்டேன். தரும். இழுபட்ட நாய் அமைதியாகிவிடும். ஆனால் அது படித்த பாடம் வேறு. மற்ற நாய் தெரிந்தால் கழுத்து வலிக்கும் என்பதே அது படித்தது. வெளியே அமைதி, உள்ளே பயம். முதலில் உறுமிய நாய், உறுமியதற்கு அடிவாங்கி, உறுமலை விட்டுவிடும். பயத்தை விடாது. பிறகு ஒருநாள் எந்த அறிகுறியும் காட்டாமல் கடிக்கும். "இதுவரைக்கும் ஒரு சத்தமும் போடாத நாய்" என்று உடையவர் ஆச்சரியப்படுவார்.

இரண்டாவது வழியை நான் கற்றது அந்தப் பெண்மணியிடம். நாய் பார்க்கட்டும் என்கிறது அது. லெஸ்லி மக்டெவிட் என்ற அமெரிக்கப் பயிற்றுநர் 2007இல் வெளிவந்த தன் புத்தகத்தில் இதை ஒரு விளையாட்டாக விளக்கியிருக்கிறார். போதிய தூரத்தில் நின்றுகொண்டு, நாய் அந்த மற்ற நாயைப் பார்க்கிற கணத்திலேயே "சரி" என்று சொல்ல வேண்டும். பார்த்ததற்கே பரிசு. பரிசை வாங்க அது திரும்பும். திரும்பவும் பார்க்கும், திரும்பவும் வரும். சில கிழமைகளில் அது பார்த்துவிட்டுத் தானாகவே என் முகத்தைப் பார்க்கத் தொடங்கியது. "அங்கே ஒன்று நிற்கிறது, கண்டாயா?" என்று கேட்பது போல.

வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டு நாய்களும் ஒரே மாதிரித்தான் தெரியும். இரண்டும் முகத்தைத் திருப்புகின்றன. ஆனால் ஒன்று பார்க்கப் பயந்து திருப்புகிறது. மற்றது பார்த்துவிட்டுத் திருப்புகிறது. அந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் நான் எழுத நினைத்தேன்.

3

அடக்கம் என்றதும் எங்களுக்கு ஆமை ஞாபகம் வரும். திருக்குறளில் அடக்கமுடைமை அதிகாரத்தில் ஐந்து புலன்களையும் உள்ளே இழுத்துக்கொள்கிறவருக்கு ஆமையைத்தான் உவமை சொல்லியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அதைப் பாடமாக்கிய நாளில் எங்களுக்கு ஒருவரும் இன்னொன்றைச் சொல்லித்தரவில்லை. ஆமை தலையை மறுபடி வெளியே நீட்டும். நீட்டாவிட்டால் பட்டினிதான். உள்ளே இழுப்பதற்கு எவ்வளவு அறிவு வேண்டுமோ அவ்வளவு அறிவு, எப்போது வெளியே வருவது என்பதற்கும் வேண்டும்.

அரிஸ்டோட்டில் இரண்டு வகை மனிதரைப் பிரித்துக் காட்டினார். கெட்ட ஆசையே இல்லாதவர் ஒருவர். ஆசை இருந்தும் அதை வெல்கிறவர் மற்றவர். முதலாமவரே மேலானவர் என்பது அவர் கருத்து. என் நாய் எந்தக் காலத்திலும் முதலாவது வகையில் சேராது. சொசேஜ் அதற்குச் சொசேஜ்தான். வாலிலிருந்து மூக்கு வரை ஆசையால் நடுங்கிக்கொண்டுதான் அது என்னைப் பார்க்கிறது. எனக்கென்னவோ அந்த நடுக்கத்தில் ஒரு மரியாதை ஏற்படுகிறது. ஆசையே இல்லாதவரிடம் அவ்வளவு மரியாதை ஏற்படுவதில்லை.

ஆனால் அந்த வெல்லுகிற சக்தி எங்கேயிருந்து வருகிறது? அது அவரவர் குணம் என்றுதான் பலரும் நம்புகிறோம். 1960களின் பிற்பகுதியில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தின் பாலர் பள்ளியில் வோல்ற்றர் மிஷல் என்ற உளவியலாளர் தொடங்கிய பரிசோதனைகளைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிள்ளைக்கு முன்னால் ஓர் இனிப்பு. தின்னாமல் காத்திருந்தால் இரண்டு கிடைக்கும். கண்ணைப் பொத்திக்கொண்ட, முதுகைக் காட்டிக்கொண்ட, பாட்டுப் பாடிக்கொண்ட பிள்ளைகள் கூடநேரம் காத்திருந்தார்கள். அப்படிக் காத்திருந்தவர்கள் பிற்காலத்தில் படிப்பில் நன்றாக வந்தார்கள் என்ற செய்தியும் பரவியது. எங்கள் தமிழ்ப் பெற்றோருக்கு இது தேனாக இனித்தது. ஆனால் 2018இல் இன்னும் பெருந்தொகைப் பிள்ளைகளை வைத்துப் பார்த்து, குடும்ப வசதியையும் வீட்டுச் சூழலையும் கணக்கில் எடுத்தபோது, அந்தத் தொடர்பு மிகவும் மெலிந்துபோனது.

என்னை யோசிக்க வைத்தது 2013இல் வெளிவந்த வேறொரு ஆய்வு. அமெரிக்காவில் றொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 28 பிள்ளைகளை வைத்துச் செய்தார்கள். இனிப்பு வைப்பதற்கு முன்னால், படம் கீற நல்ல பொருட்கள் கொண்டுவந்து தருவதாகப் பெரியவர் ஒருவர் பிள்ளைக்கு வாக்குக் கொடுப்பார். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டுவந்து கொடுத்தார்கள். மற்றப் பாதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து மன்னிப்புக் கேட்டார்கள். அதன் பிறகுதான் இனிப்பு. வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் 3 நிமிடம்.

பிள்ளைகளின் குணத்திலா இந்த வித்தியாசம்? இல்லை. தின்னாமல் இருக்கச் சொன்னவரை நம்பலாமா என்பதில்தான் இருக்கிறது. தெருவில் வளர்ந்த நாய் கண்டதையும் விழுங்குவது பேராசையல்ல. நாளைக்குக் கிடைக்கும் என்று அதற்கு ஒருவரும் வாக்குக் கொடுத்ததில்லை, கொடுத்தவர் காப்பாற்றியதுமில்லை. அந்த வாழ்க்கையில் அது செய்ததே புத்தி. அதை முகத்தைத் திருப்பச் சொல்லுகிற நான், "இதை விடு, உனக்கு நட்டமில்லை" என்று ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஒவ்வொரு நாளும் அதைக் காப்பாற்ற வேண்டும்.

காப்பாற்றுவது என்பது சொசேஜ் கொடுப்பது மட்டுமல்ல. 1959இல் டேவிட் பிறீமக் என்பவர் ஒன்றைக் காட்டினார்: ஓர் உயிர் அதிகம் விரும்பிச் செய்கிற காரியத்தையே, குறைவாக விரும்பிச் செய்கிற காரியத்துக்குப் பரிசாக்கலாம். முயல் வளையிலிருந்து கூப்பிட்டதும் நாய் திரும்பி வந்தால், அதற்கு நல்ல பரிசு "சரி, இனிப் போய் மண" என்று விடுவதுதான். எதை விடச் சொன்னோமோ அதையே முடிந்த இடத்தில் திருப்பிக் கொடுப்பது. எப்போதும் விடச் சொல்லிக்கொண்டே இருக்கிறவரின் குரல் கொஞ்ச நாளில் காற்றுச் சத்தமாகிவிடும்.

விடுமுறைக்கு வந்த மகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்: "என்னையும் இப்படித்தானே பழக்கினீங்கள்? படி, அங்காலை பாக்காதை, அந்தப் பிள்ளையளோட சேராதை. எனக்கு என்ன திருப்பித் தந்தீங்கள் அப்பா?" பகிடியாகத்தான் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. நாய்க்குக் கூட "இனிப் போ" என்று ஒரு சொல் இருந்தது. அவளுக்கு நாங்கள் அந்தச் சொல்லைச் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

4

பயிற்சியில் இன்னொரு விசயம் உண்டு. பரிசினால் கற்றது இடத்துக்கு இடம் ஒட்டாது. குசினிக்குள் சொசேஜை விடப் பழகிய நாய் பூங்காவில் ஒன்றும் தெரியாதது போல நிற்கும். அங்கே புதிதாகக் கற்பிக்க வேண்டும், பஸ் தரிப்பில் திரும்பவும், சந்தையில் திரும்பவும். பயத்தினால் கற்றதற்கு இந்தக் கஷ்டமில்லை. ஒருமுறை போதும், அது தானாகவே பரவும். ஓர் ஆளின் தடியடிக்குப் பயந்த நாய், தடி வைத்திருக்கிற எல்லோருக்கும், பிறகு குடை வைத்திருக்கிறவர்களுக்கும் பயப்படும். இதை அந்தப் பெண்மணி சொல்லிக்கொண்டிருந்தபோது நான் நாயைப் பற்றி யோசிக்கவில்லை.

1986 ஏப்ரல் கடைசி. எனக்குப் பதினாறு வயது. ஓர் இயக்கம் இன்னொரு இயக்கத்தை அழித்த கிழமை. சந்திப் பக்கமிருந்து ரயர் எரிகிற மணம் வந்துகொண்டிருந்தது. பின்னேரம் நாலு மணியிருக்கும், எங்கள் படலையடியில் ஒரு பெடியன் வந்து நின்றான். என்னைவிட இரண்டு வயது கூட இருக்கலாம். "தண்ணி கொஞ்சம் தாங்க" என்றான். தாங்கோ என்று சொல்லவில்லை, தாங்க என்றான். கிழக்குப் பக்கத்துப் பெடியன். எங்கள் நாய் வீரன் படலையில் ஏறிக் குரைத்தது. நான் முற்றத்தில் நின்றேன்.

ஐயா திண்ணையிலிருந்து எழும்பினார். "வீரன், இங்கை வா" என்றார். நாய் திரும்பி வந்தது. பிறகு என்னைப் பார்த்து அதே குரலில், "உள்ளுக்குப் போ. அங்காலை பாக்காதை" என்றார். நானும் திரும்பிப் போனேன். கதவு சாத்தப்பட்டது. அவனுடைய முகம் எனக்கு ஞாபகமில்லை. நான் பார்க்கவில்லை.

ஐயாவைக் குற்றம் சொல்ல நான் இதை எழுதவில்லை. அவர் சங்கக் கடையில் வேலை செய்தவர், நாலு பிள்ளைகள். அந்தக் கிழமை தண்ணீர் கொடுத்தவர் யார், சோறு கொடுத்தவர் யார் என்று கேட்டுக்கொண்டு திரிந்தார்கள். அவர் எங்களைக் காப்பாற்றினார். அந்த நேரத்தில் முகத்தைத் திருப்பு என்று சொன்னது சரியாகவே இருந்திருக்கலாம். இன்று நான் ஐயாவின் அந்த வயதைத் தாண்டிவிட்டேன், வேறெதைச் செய்திருப்பேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் நான் கற்றது அந்தப் படலையோடு நிற்கவில்லை. 1988இல் இங்கே வந்து அகதி முகாமில் இருந்தேன். அந்த நாட்களில் அகதி விண்ணப்பம் கொடுத்தவர் தன் மாவட்ட எல்லையை அனுமதியின்றித் தாண்டக் கூடாது என்று சட்டம். நாங்களும் கயிற்றில் நின்றவர்கள்தான். ஒருநாள் விடியற்காலை பொலிஸ் வந்து அடுத்த கட்டிலில் படுத்திருந்தவரை ஏற்றிக்கொண்டு போனது. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். ஒருவரும் என்னைத் திரும்பச் சொல்லவில்லை. 2009இன் முதல் ஐந்து மாதங்கள், வன்னியிலிருந்து படங்கள் வந்துகொண்டிருந்தபோது, தொலைக்காட்சி போட்டதும் நான் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவேன். கோப்பை கழுவுவேன். "நீங்கள் எப்பவும் இப்பிடித்தான்" என்று மனைவி ஒருமுறை சொன்னாள். தாங்க முடியவில்லை என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டேன். அது பொய். தாங்க முடியாதவர் பார்த்துவிட்டுத் தாங்காமல் போவார். நான் பார்ப்பதற்கு முன்பே திரும்பிவிடப் பழகியிருந்தேன்.

5

எங்கள் இடத்திலிருந்து ஓல்டன்பேர்க் ரயிலில் அதிக தூரமில்லை. முதலாம் உலகப் போரில் கண் இழந்த படையினருக்காக, 1916இல் அங்கேதான் முதலாவது வழிகாட்டி நாய்ப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. சில வருடங்களுக்குப் பின் பொற்ஸ்டாமிலும் ஒன்று வந்தது. அதைப் பார்த்துவிட்டு டொறதி யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1927இல் எழுதிய கட்டுரை வழியாக இந்த முயற்சி அமெரிக்காவுக்குப் போனது.

உலகத்திலேயே கவனம் கலையாத நாய்கள் என்றால் இவைதான். சாப்பாடு, பூனை, இன்னொரு நாய், தடவ வருகிற பிள்ளை, எதற்கும் திரும்பாமல் நடக்கப் பழக்கியிருப்பார்கள். ஆனால் பயிற்சியின் உச்சம் அதுவல்ல. "முன்னுக்குப் போ" என்று கண் தெரியாதவர் சொல்லும்போது, முன்னால் கிடங்கோ வாகனமோ இருந்தால், அந்த நாய் போகாமல் நிற்க வேண்டும். கட்டளையை மறுக்க வேண்டும். அறிவுள்ள கீழ்ப்படியாமை என்று இதற்குப் பெயர். ஒருமுறை பஸ் தரிப்புக்குப் பக்கத்தில் கண்டேன். நடைபாதையைக் கிண்டிப்போட்டிருந்தார்கள். அந்த அம்மா இரண்டுமுறை சொல்லியும் நாய் போகவில்லை. அவருடைய காலுக்குக் குறுக்காக நின்றது. அவர் கோபிக்கவில்லை. குனிந்து நாயின் தலையைத் தடவிவிட்டு, வேறு பக்கம் திரும்பினார்.

சொன்னதையெல்லாம் செய்கிற நாய் கண் தெரியாதவருக்கு உதவாது. அவரோடு சேர்ந்து கிடங்கில் விழும். எல்லாவற்றிலிருந்தும் முகத்தைத் திருப்பப் பழகிய அதே நாய், திருப்பக் கூடாதது எது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். அதற்கு அது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பயத்தால் பழகிய நாயால் இது முடியாது. அதற்கு மறுக்கிற துணிவு மிச்சமிருக்காது.

மகாபாரதத்தின் முடிவில் தருமன் இமயத்தை நோக்கி நடக்கிறான். வழியில் பாஞ்சாலி விழுகிறாள். தம்பிமார் ஒவ்வொருவராக விழுகிறார்கள். ஏன் விழுந்தார்கள் என்று வீமன் கேட்க, ஒவ்வொருவருக்கும் ஒரு குற்றத்தைச் சொல்லிவிட்டு, திரும்பிப் பாராமல் போகிறான். அவனுடைய யோகம் அப்படி. சின்ன வயதில் இந்த இடத்தைக் கேட்கும்போது எனக்குத் தருமன் மேல் கோபம் வரும். கடைசியில் மிஞ்சுவது ஒரு நாய். நாயை விட்டுவிட்டுத் தேரில் ஏறு என்கிறான் இந்திரன். தருமன் மறுக்கிறான். பிறகு சொர்க்கத்துக்குப் போயும் அங்கே அவன் இருக்கவில்லை. தம்பிமாரும் பாஞ்சாலியும் எங்கே என்று கேட்டு, நரகத்துக்குள் நடந்து, அவர்களுடைய குரலைக் கேட்டு, இங்கேயே நிற்கிறேன் என்கிறான். முகத்தைத் திருப்பாமல் அந்த மலையில் ஏறியிருக்க முடியாது. ஆனால் அது ஒரு கடன் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஏறி முடிந்ததும் கடனைக் கொடுக்கத் திரும்பிப் போகிறான்.

ஆகவே என் கேள்விக்கு இப்போது என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான். இன்னொரு உயிரை முகத்தைத் திருப்பச் சொல்லலாம். சிலவேளை சொல்லியே ஆக வேண்டும். ஆனால் சொன்னவர் மூன்று கடன்படுகிறார். பார்த்துவிட்டுத் திரும்ப விட வேண்டும். விடச் சொன்னதை முடிந்தபோது திருப்பிக் கொடுக்க வேண்டும். "இல்லை, இதிலிருந்து திரும்ப மாட்டேன்" என்று அது நிற்கிற நாளில், அதைக் கேட்கிற காது தனக்கு இருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாத இடத்தில் நல்ல நாயும் இல்லை, நல்ல பிள்ளையும் இல்லை. சத்தம் போடாத நாயும் சத்தம் போடாத பிள்ளையும்தான் இருக்கும்.

6

போன மாரியில் கனடாவிலிருக்கிற அக்காவோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தேன். நாய்க் கதை வந்தது. வீரனைப் பற்றிக் கேட்டாள். அப்படியே அந்தப் பின்னேரத்தைப் பற்றி நான் கேட்டேன். முப்பத்தைந்து வருடங்களுக்கு மேலாக நாங்கள் ஒருவரும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

"நீலச் சாரம்" என்றாள் அக்கா. "காலிலை செருப்பில்லை. நெற்றியிலை ஒரு காயம்."

"நீ பார்த்தனியா?"

"குசினி யன்னலாலை பார்த்தனான். பிறகு செம்பிலை தண்ணி எடுத்துக்கொண்டு பின்வளவாலை வேலிப் பொட்டுக்குப் போனன். ஆள் இல்லை. செம்பை அதிலை வைச்சிட்டு வந்தனான். விடியப் போய்ப் பார்க்க அப்பிடியே இருந்தது."

"ஐயா?"

"ஐயா கண்டவர். நான் செம்போடை போறதைப் பார்த்துக்கொண்டு நிண்டவர். ஒண்டும் சொல்லேல்லை. நாயைத்தான் பிடிச்சுக்கொண்டு நிண்டவர், குரைக்காமல்."

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கதைக்கவில்லை. பிறகு அவள் தன் முழங்கால் வருத்தத்தைப் பற்றிச் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தொலைபேசியை வைத்துவிட்டு நாயை வெளியே கூட்டிக்கொண்டு போனேன். பூங்கா மூலையில் யாரோ பாணும் இறைச்சியும் போட்டிருந்தார்கள். நாய் நின்றது. பார்த்தது. நடுங்கியது. பிறகு என் முகத்தைப் பார்த்தது. நான் பரிசைக் கொடுத்துவிட்டு, குனிந்து அந்த இறைச்சியை நானும் பார்த்தேன். ஆணி ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் ஒரு பையில் எடுத்துக் கட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டேன், பின்னால் வருகிற நாய்களுக்காக.

இரவு மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். படலையடியில் வந்து நின்ற பெடியனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.